இரண்டு பக்கமும் வேப்பிலை அரைத்த நாள்

எங்கள் கண்மாயில் துண்டு வீசாமல் யாரும் மீன் பிடிக்க இறங்க மாட்டார்கள். கோடையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவு சேறாகக் கிடக்கும்போது, வடகரை ஆட்களும் தென்கரை ஆட்களும் மூங்கில் ஊத்தாக் கூடைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையைச் சுற்றி நிற்பார்கள், ஒரு பெரியவர் கரைமேல் இருக்கிற முனியய்யாவைக் கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி வீசுவார், துண்டு தரையில் விழுவதற்குள் அத்தனை பேரும் சேற்றுக்குள் இருப்பார்கள். ஒரு வருஷம் வடகரைத் துண்டு, மறு வருஷம் தென்கரைத் துண்டு. மழையே இல்லாமல் கண்மாய் நிறையாத ஒரு வருஷம் வரும் வரைக்கும் அப்படித்தான் முறை வந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்து முறை எங்களுடையது, நாங்கள் வடகரை. மீனே இல்லாத கண்மாயில் துண்டு வீசி என்ன செய்வது என்று வீசாமல் விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் கண்மாய் நிறைந்தது. வீசாத முறை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள், வருஷம் போனால் முறையும் போச்சு என்று தென்கரை ஆட்கள் சொன்னார்கள், மீன்பிடி அன்றைக்கு இரண்டு கரையிலிருந்தும் இரண்டு துண்டு ஒரே நேரத்தில் மேலே எழும்பியது, இரண்டும் வெள்ளை, இரண்டும் புதுசு.

சேற்றுக்குள்ளே நடந்த அந்தச் சண்டையில் என் வீட்டுக்காரரின் தம்பி சோலைமலை செத்துப்போனார். தென்கரையில் மூக்கையா என்று ஒருத்தர் செத்துப்போனார். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்தபடி சேற்றில் புதைந்து கிடந்தார்கள், பிரித்து எடுத்துக் கரையில் போட்ட பிறகும் எது யார் என்று யாருக்கும் தெரியவில்லை, கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரே சேறு, ஒரே உயரம், ஒரே வயசு. என் மாமியார் இருளாயி அத்தை ஒரு உடம்பின் காலைப் பிடித்துக்கொண்டு மாரில் அடித்து அழுதார், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான் தெரிந்தது அது மூக்கையாவின் கால் என்று. மூக்கையாவின் அம்மா எங்கள் சோலைமலையின் தலையை மடியில் வைத்திருந்தார். இரண்டு பேரும் எழுந்து, இடம் மாறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதார்கள்.

அதற்குப் பிறகு முள் போட்டார்கள். கண்மாய்க்கு நடுவே, கிழக்கு மேற்காகக் கரைமேல் ஏறுகிற வரைக்கும், சீமைக் கருவேல முள்ளை வெட்டி வெட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள், வடகரையிலிருந்து பாதி முள், தென்கரையிலிருந்து பாதி முள், அந்த வேலையை மட்டும் சண்டை இல்லாமல் செய்தார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கத்து ஆளோடு ஒரு வார்த்தை பேசினாலும் முனியய்யா கோயிலில் விபூதி கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள் என்று ஊர்க்கட்டு போட்டார்கள். அந்தப் பக்கமும் அதே கட்டுத்தான் என்று பிறகு தெரிந்தது.

முள் போட்ட பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் அது நடந்தது. இங்கே ஒன்று பிறந்தால் அன்றைக்கே அங்கேயும் ஒன்று பிறந்தது. இங்கே குடித்த பால் இங்கே நிற்கவில்லை.

என் மகள் தவமணி தை மாசம் பிறந்தாள். கண் திறக்குமுன்னே வாயைத் திறந்தவள். மாரில் போட்டால் மடக் மடக்கென்று குடிப்பாள், எனக்கும் பால் நிறைந்து அடைசலாக இருந்தது, ஆனால் குடித்து முடித்து நிமிர்ந்தால் வயிறு ஒட்டியபடி இருக்கும், வீறிட்டு அழுவாள். அப்புறம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லாமல், தொட்டிலுக்குள் அவள் வயிறு மெல்ல மெல்ல எழும்பும், கொழுக்கட்டை மாதிரி உருண்டு நிற்கும், ஒரு ஏப்பம் விட்டுவிட்டுத் தூங்கிப்போவாள்.

எனக்குப் பெரிதாகப் பேச வராது. கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி, "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் ஆட்டோடு பேச வரும். என் செவலை ஆட்டை முள் ஓரமாக மேய்க்கக் கொண்டுபோவேன், இடுப்பில் தவமணி இருப்பாள். அந்தப் பக்கம் ஒரு கருப்பு ஆட்டை ஓட்டிக்கொண்டு பூமயில் வருவாள். மூக்கையாவின் பெண்டாட்டி. அவர் சாகும்போது வயிற்றில் பிள்ளை இருந்தது அவளுக்கே தெரியாது, என் தவமணி பிறந்த அன்றைக்கே அவளுக்கு மகன் பிறந்திருந்தான். மனுஷரோடுதான் பேசக்கூடாது, ஆட்டோடு பேசக்கூடாது என்று எந்தக் கட்டும் இல்லை. அதைக் கண்டுபிடித்தது பூமயில்தான்.

"ஏ கருவாச்சி," என்றாள் ஒரு நாள், தன் ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி. "இந்தக் கொடுமையப் பாரு. எனக்குக் காய்ச்சலு, காலையிலேருந்து எம்மவனுக்குப் பாலே குடுக்கல. அவன் பாட்டுக்கு ஏப்பம் விட்டுக்கிட்டுக் கெடக்கான். எவ வந்து குடுத்தா?"

செவலையின் காதுக்குக் குனிந்தேன்.

"ஏ செவலை, நான் காலையிலேருந்து குடுத்துக்கிட்டேதான் இருக்கேன். எம்மக வயிறு காத்துப் போன பலூனாட்டம் இருக்கு."

அந்தப் பக்கம் கருவாச்சி கருவேலங்காயைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"கருவாச்சி, இந்தா இப்ப எம்மவன மாருல போடுறேன். அங்கிட்டு எதுவும் தெரியுதான்னு அந்தச் செவலையக் கேட்டுச் சொல்லு."

நான் தவமணியின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உலையில் அரிசி பொங்குகிற மாதிரி என் உள்ளங்கைக்குக் கீழே அவள் வயிறு சூடாக எழும்பியது. பிறகு ஒரு ஏப்பம்.

"விட்டுருச்சு செவலை," என்றேன், "ஏப்பம் விட்டுருச்சு."

முள்ளுக்கு அந்தப் பக்கம் பூமயில் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவையாம், அதையும் அவள் ஆட்டிடம்தான் சொன்னாள்.

ஊருக்குத் தெரிந்தபோது யாரும் அதிசயப்படவில்லை. "பாலுதான? எந்த வழியா வந்தா என்னத்தா, வயித்துக்கு வந்து சேருதுல்ல," என்றார் என் அத்தை, முறத்தைத் தட்டிக்கொண்டே. தாய்ப்பால் மட்டுமில்லை, பசும்பால் ஊட்டினாலும் அங்கேதான் போனது, அதனால் மாட்டுக்காரர்கள் பால் வாங்குகிறவர்களிடம் "புள்ளைக்கா, பெரியவங்களுக்கா?" என்று கேட்டு ஊற்றினார்கள். சோறு மட்டும் அவரவர் வயிற்றிலேயே நின்றது. பெண்கள் முள் ஓரமாக ஆடு மேய்க்கப் போவது அதிகமானது, ஆடு இல்லாதவர்கள் இரவலுக்கு ஆடு வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுச் சிட்டு மொச்சைப்பயறு என்றால் உயிரை விடுவாள், அவள் மொச்சை தின்ற அன்றைக்கெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒருத்தி, "ஏ ஆடே, அவளுக்கு வேற கொழம்பே வைக்கத் தெரியாதா, எம்புள்ள வாயு வந்து முறுக்குது," என்று கத்துவாள். சிட்டு தன் ஆட்டிடம், "அப்ப நல்லதா நாலு கருவாடு அனுப்பச் சொல்லு, அதத் தின்னுட்டுப் பாலு குடுக்கிறேன்," என்பாள். கருவாடு வரவில்லை, ஆனால் மறுநாள் முள்ளுக்கு மேலாக ஒரு உரித்த பூண்டு வந்து விழுந்தது, அதையும் ஆடு தின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டோம்.

தென்கரையில் ஒருத்திக்கு மறுபடி வயிற்றில் தங்கிவிட்டது. அவள் வழக்கம்போல வேப்பிலையை அரைத்து மாரில் தடவிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்துவிட்டாள். அவள் பிள்ளை சோற்றுக்குப் பழகிக்கொண்டது, இங்கே அதன் சோடிப் பிள்ளை ஒரு வாரம் வாடி வதங்கிப்போனது. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே நாளில்தான் வேப்பிலை அரைப்பது என்று ஆயிற்று. ஒருத்தி அரைப்பதற்கு முன்னால் ஆட்டிடம் சொல்லிவிட வேண்டும், அந்தப் பக்கத்து அம்மா சரி என்று தன் ஆட்டிடம் சொல்ல வேண்டும், மறுநாள் காலையில் இரண்டு அம்மியிலும் வேப்பிலை அரைபடும், இரண்டு பிள்ளையும் சேர்ந்து கத்தும். யாரும் சட்டம் போடவில்லை, அது பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

சித்திரையில் கண்மாய் வற்றத் தொடங்கியது. துண்டு யாருடையது என்ற பேச்சு மறுபடி எழுந்தது.

முனியய்யா கோயில் முன்னால் கூட்டம் கூடியது. துண்டு வீசுகிற சாத்தையா பெரியப்பா, கோவணத்துக்குத் துணியில்லாவிட்டாலும் அந்த வெள்ளைத் துண்டை மட்டும் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறவர், எழுந்து நின்று சொன்னார்.

"அருவா வேணாம், கம்பு வேணாம். நம்ம பொம்பளைக பால நிறுத்தட்டும். அவங்க புள்ளைக கதறுறதுல, துண்டு ஒங்களுக்குத்தான்னு அவங்களே வந்து கும்பிட்டுச் சொல்லுவாங்க."

"அப்ப நம்ம புள்ளைக?" என்று ஒருத்தர் கேட்டார்.

"நம்ம புள்ளைகளுக்கு அவங்கள்ல குடுக்கிறாங்க? அவங்க பொம்பளைக எளகின மனசுக்காரிக. நிறுத்த மாட்டாளுக."

பெண்கள் பக்கத்திலிருந்து சிட்டு, "அவங்களும் இதையே நெனச்சா?" என்றாள்.

கூட்டம் சிரித்தது. "அம்புட்டு அறிவு இருந்தா அவங்க எதுக்குத் தென்கரையில குடியிருக்காங்க?" என்றார் சாத்தையா பெரியப்பா. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் தம்பியின் சட்டையைத்தான் போட்டிருந்தார், அதைப் போட்டுக்கொண்டு கை தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள்.

தென்கரையிலும் அதே நேரம் கூட்டம் நடந்தது, இதே பேச்சைத்தான் பேசினார்கள், வடகரைப் பெண்கள் இளகின மனசுக்காரிகள் என்று ஒருத்தர் சொல்ல, ஒருத்தி எழுந்து சந்தேகம் கேட்க, கூட்டம் சிரித்ததாம்.

மறுநாள் காலையிலிருந்து இரண்டு ஊரிலும் பிள்ளைகள் அழத் தொடங்கின. அழுகை முள்ளுக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் எழுந்து கண்மாய்க்கு மேலே ஒன்றாகக் கலந்து நின்றது, எது நம் பிள்ளை என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி நின்றது. ஆண்கள் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். "இன்னைக்கு வந்துருவாங்க," என்று காலையில் சொன்னார்கள், "நாளைக்குக் கண்டிப்பா வருவாங்க," என்று சாயங்காலம் சொன்னார்கள்.

நான் செவலையை ஓட்டிக்கொண்டு முள் ஓரம் போனேன். பூமயில் அங்கே நின்றாள்.

"ஏ கருவாச்சி, எவன் என்ன சொன்னாலும் நான் எம்மவனுக்குக் குடுப்பேன். தவமணி பசியில கெடக்கக் கூடாது. அங்கிட்டு நிக்கிற எங்க மதினிக்கிட்டச் சொல்லு."

"ஏ செவலை, நானும் குடுப்பேன்னு சொல்லு," என்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தவமணியை மாரில் போட்டேன். அத்தை கதவைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார், யாரும் உள்ளே வர முடியாதபடி. தவமணி குடித்தாள். அந்தப் பக்கத்தில் ஓர் அழுகை நின்றது, அது மட்டும் நின்றது எனக்குத் தெரிந்தது. இனி பூமயில் கொடுப்பாள், இதோ கொடுப்பாள் என்று மகளின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வயிறு எழும்பவில்லை.

மறுநாள் முள் ஓரத்தில் கருவாச்சி தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மறுநாளும் தனியாகத்தான் மேய்ந்தது. நான் ஆட்டைப் பார்த்து, "ஒங்கம்மா எங்க?" என்று கேட்டேன், அந்த ஒரு தடவை நிஜமாகவே ஆட்டிடம்தான் கேட்டேன்.

பூமயிலின் மாமியார் பிள்ளையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுவிட்டாராம். மகனைப் பறிகொடுத்தவர், ஊர் சொன்னதை மீறி மருமகளைக் கொடுக்கவிடவில்லை. அந்த மடியில் இருந்தபடியே பூமயிலின் மகன் ஏப்பம் விட்டான், என் பால். "பாத்தியா, நான் சொல்லல, வடகரைக்காரி எளகின மனசுக்காரி," என்று அவர் சொன்னாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

தவமணி குடித்துக்கொண்டே இருந்தாள். குடிக்கக் குடிக்க இளைத்தாள். மற்றப் பிள்ளைகள் கஞ்சியில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தன. நானும் கஞ்சித் தண்ணீரை வாயில் விட்டேன், நாலு மாசம்கூட ஆகாத தொண்டை அதை வாங்கவில்லை, கடைவாய் வழியாக ஊற்றிவிட்டது. என் வீட்டுக்காரர் சாத்தையா பெரியப்பாவிடம் ஓடினார், அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே, "அந்தா வந்துருவாங்க கோட்டை, இன்னும் ஒரு பொழுது," என்றார். அவள் கண் என்னைப் பார்த்தபடியே இருந்தது. வாயில் பால் இருந்தது. என் மாரில் பால் இருந்தது. என் பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டே பசியில் செத்துப்போனாள்.

என் சத்தத்தைக் கேட்டுத்தான் சிட்டு வந்தாள். பின்னாலேயே மற்றப் பெண்கள் வந்தார்கள். வாசலில் ஆண்கள் நிற்க நிற்க, சிட்டு கீழே உட்கார்ந்து தன் பிள்ளையை மாரில் போட்டாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும். கொஞ்ச நேரத்தில் அவர்கள் மடியில் இருந்த பிள்ளைகளின் வயிறுகள் எழும்பத் தொடங்கின, அந்தப் பக்கமும் யாரோ முதலில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொன்றாக ஏப்பம் விட்டன. என் மடியில் இருந்தது மட்டும் விடவில்லை.

பால் மணம் மாறாத பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கண்மாய்க் கரையில் முள்ளுக்குப் பக்கத்தில் ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே குழி வெட்டி வைத்தார்கள். எல்லோரும் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். அந்தக் கொளுத்துகிற வெயிலில் மண்மேடு ஈரமாக இருந்தது. தொட்டு மோந்தேன், பால். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஊறி ஊறி மேலே வந்தது, எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

முள்ளுக்கு அந்தப் பக்கம் பூமயில் குரல் கேட்டது. கரகரத்துப் போயிருந்தது.

"கருவாச்சி, இப்பத்தான் எம்மவன எங்கிட்டக் குடுத்தாங்க. நான் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்டி. போய்ச் சேருதா? கேட்டுச் சொல்லு, போய்ச் சேருதா?"

"சேருது," என்றேன். செவலை என்னோடு வந்திருக்கவில்லை. மண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பூமயிலின் மகன் அழுதான். குடித்தான், அழுதான். அவனுக்காக இந்தப் பக்கத்தில் குடிக்க வாய் இல்லை. ஊருக்கு அது உடனே புரிந்துவிட்டது. போன வருஷம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று போனது. இந்த வருஷமும் சரிக்குச் சரியாகப் போய்விடும் என்று கரைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். துண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

குழிக்குப் பால் ஊற்றுகிற நாள் வந்தது. என் வீட்டுக்காரர் செம்பில் பசும்பால் கொண்டுவந்தார். பெண்கள் போகிற வழக்கமில்லை, நான் போனேன், அத்தையும் கூட வந்தார், யாரும் தடுக்கவில்லை. தவமணியின் அப்பா செம்பைச் சாய்த்து மேட்டின் மேல் ஊற்றினார். அந்தப் பக்கத்தில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அழுகை பாதியில் நின்றது. பிறகு, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி, முள்ளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏப்பம்.

என் வீட்டுக்காரர் செம்பைத் தூக்கி முள்ளில் எறிந்தார்.

"எம்மகளுக்கு ஊத்துனது! எம்மகளுக்கு ஊத்துனது அவன் வயித்துக்கா போகணும்?" என்று கத்தினார். "இனி ஒரு சொட்டு இங்க விழுந்துச்சு, வெட்டிப் போட்டுருவேன். யாரா இருந்தாலும்."

வீட்டில் எனக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள், அத்தை எங்கிருந்தோ ஒரு முழம் பூ வாங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையில் கொடுத்தார். பூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள்ளுக்கு அந்தப் பக்கமிருந்து அழுகை வந்துகொண்டே இருந்தது. அது அவனுடைய அழுகைதான், ஆனால் என் மார் அதைக் கேட்டதும் கசிந்தது, யார் பிள்ளை என்று அதற்குத் தெரியவில்லை. கொடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். என் மகளின் பசிக்கு வராத பால் இனி யாருக்கும் எதற்கு, அவனும் போகட்டும், பூமயிலும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே எழுந்தேன். பூவைச் செவலையின் கழுத்தில் கட்டிவிட்டு, அதை ஓட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு நடந்தேன்.

மேட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அரிவாளோடு நின்றார். நான் வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"போயிரு ராக்கு," என்றார்.

நான் போகவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளை வீறிட்டு, மூச்சை உள்ளே இழுத்து, கொஞ்சம் நின்று, பிறகு சின்னதாக விக்கி விக்கி அழுதான். தவமணி அப்படித்தான் அழுவாள், கடைசியில் ஒரு விக்கலோடு. அவர் தலையைத் திருப்பினார். முள்ளைப் பார்க்கவில்லை, மண்மேட்டைப் பார்த்தார்.

"தவமணி அழுகுது," என்றார்.

"ஆமா," என்றேன்.

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஆவாரஞ்செடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே, "வெயில் ஏறிரும். ஊத்திட்டு வா," என்றார்.

நான் மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டு, குனிந்து, என் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். மண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. அவள் குடிக்கிறபோது ஒரு கையால் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொள்வாள், கயிறு முன்னால் தொங்கி மண்ணில் உரசியது, நான் அதை அப்படியே விட்டேன். அழுகை நின்றது. ஏப்பம் கேட்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"கருவாச்சி," என்றாள் பூமயில் மெதுவாக. அதற்கு மேல் அவளால் ஆட்டிடம்கூட ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. ஊர்க்கட்டை மீறினது என்று ஒருத்தர் பேச்செடுத்தார். சாத்தையா பெரியப்பா, கூட்டத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், "செத்த புள்ளைக்குத் தாய் பால் ஊத்துறத எந்தக் கட்டும் தடுக்காது. அது எங்க போயிச் சேருதுன்னு கேக்குறது நம்ம வேலையில்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு உடம்புக்கு முடியாத நாளில் சிட்டு வந்து ஊற்றினாள், மொச்சை தின்னாமல் வந்தாள். அத்தை ஒரு நாள் பசும்பாலை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். "மூக்கையா காலப் புடிச்சு பாதி அழுக அழுதவதான நான்," என்றார். "அவம் மகனுக்கு ஊத்துனா ஒண்ணும் கொறஞ்சு போக மாட்டேன்." பசும்பால் அவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது என்று மறுநாள் ஆட்டு வழியாகச் செய்தி வந்தது. அத்தைக்குக் கோபம். "நொட்டச் சொல்லு வேறயா, அப்படியே அவங்கப்பன்," என்றார், மூக்கையாவை வளர்த்தவர் மாதிரி.

அந்த வருஷம் யாரும் துண்டு வீசவில்லை. மீன்கள் முள்ளுக்கு இரண்டு பக்கமும் சேற்றிலேயே செத்துக் கிடந்தன, நாற்றம் இரண்டு ஊருக்கும் ஒன்றுபோலத்தான் வந்தது. பிறகு மழை வந்தது, கண்மாய் நிறைந்தது, முள் தண்ணீருக்குள் நின்றது. மழையில் நனைந்துகொண்டும் ஊற்றினேன், மழைத் தண்ணீர் எது பால் எது என்று அந்த மேட்டுக்குத் தெரிந்திருந்தது. பூமயில் ஆட்டிடம் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கருவாச்சி, குப்புற விழுந்துட்டான். கருவாச்சி, பல்லு வந்துருச்சு, என்னையக் கடிச்சுட்டான். கருவாச்சி, செவுத்தப் புடிச்சு நிக்கிறான். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு வந்து, இருந்திருந்தால் தவமணியும் இன்றைக்கு நின்றிருப்பாள் என்று அத்தையிடம் சொல்வேன். அத்தை, "பொட்டப்புள்ள, ரெண்டு நாளு முன்னாடியே நின்னுருக்கும்," என்பார்.

பங்குனியில் ஒரு நாள் பூமயில் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முள் வெயிலில் காய்ந்து இலை கொட்டியிருந்தது, இடைவெளி வழியாக அவனைப் பார்த்தேன். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றான், கன்னமும் தொடையும் மடிப்பு மடிப்பாக, வாயெல்லாம் சோற்றுப் பருக்கை. என் பாலில் வளர்ந்த உடம்பு. முகம் மூக்கையாவுடையதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் சோலைமலை மாதிரியும் இருந்தது.

"கருவாச்சி," என்றாள், "மூணு வேளையும் சோறு திங்கிறான். ஆனா மாரையும் விட மாட்டேங்கிறான்." அவன் வாயைத் துடைத்துவிட்டாள். "மதினி சரின்னு சொன்னாத்தான் வேப்பிலை அரைப்பேன். இல்லைன்னா எத்தன வருஷமானாலும் குடுப்பேன்."

அவள் நிறுத்திவிட்டால் இந்த மண் காய்ந்துவிடும். இத்தனை நாளும் ஒரு நாள்கூட அது காயவில்லை, அவள் பால் உள்ளேயிருந்து ஊறிக்கொண்டே இருந்தது, அதில் என்னென்னவோ புல் முளைத்திருந்தது. நான் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் சோறு தின்கிற பிள்ளை. ஊருக்குள் எல்லாப் பிள்ளைக்கும் செய்கிறதுதானே.

"நாளைக்கு அரைக்கச் சொல்லு செவலை," என்றேன். "நானும் அரைக்கிறேன்."

காலையில் கொழுந்தாகப் பார்த்து ஒடித்து வந்தேன். அத்தை அம்மியைக் கழுவிக் கொடுத்தார். நான் அரைக்கும்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், யாருக்கு என்று கேட்கவில்லை. ஒரு உருண்டையாக வழித்து எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், மேட்டின் மேல் முளைத்திருந்த புல்லை விலக்கி, மண்ணில் தடவினேன். மாரில் தடவுகிற மாதிரிதான் தடவினேன், சுற்றிலும், கொஞ்சமும் விடாமல்.

"கசக்குதாத்தா?" என்று கேட்டேன், எல்லா அம்மாவும் கேட்கிற மாதிரி. "பூச்சி வந்துருச்சு. இனி வேணாம். அம்மாட்டப் பாலு தீந்துபோச்சு தங்கம்."

முள்ளுக்கு அந்தப் பக்கம் பூமயிலின் மகன் வாயைக் கோணிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினான். பால் மறக்கிற பிள்ளை அன்றைக்கு முழுவதும் அழும். அவன் அழுதான், நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி விக்கி விக்கி அழுதான், அவனுக்கும் அழுதான், என் மகள் அழ வேண்டியதையும் அழுதான். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.